ஆனைக்கோட்டை முத்திரையும் கருத்தெழுத்துக் கொள்கையும்

எழுத்தென்பது ஒலியின் வடிவென்பதே நம் இலக்கண நூலார் கொள்கை. ஒலியின் துணையின்றிக் கருத்தினை நேரே உணர்த்துங் குறிகளும் உள என்பர் எழுத்து வரலாற்றாசிரியர். அவற்றைக் கருத்தெழுத்து என வழங்குவர். அப்பெயர் எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என வரையறுத்துக் கொள்ளாமையால், யாழ்ப்பாண வரலாற்றுச் சான்று ஒன்று இடர்ப்படுகின்றது. அதனை ஈண்டு ஆராய்வாம்.

5 என்னும் இலக்கத்தைத் தமிழர் ஐந்து என்பர். சிங்களவர் பஹ என்பர். ஆங்கிலேயர் பைவ் என்பர். ஒலி மூன்று, கருத்து ஒன்று. கருத்தெழுத்துக்குத் தெளிந்த எடுத்துக்காட்டு இதுவேயாம். பழைய ஏடுகளிலும் உறுதிகளிலும் பயிலும் ௵, ௴, ௳, ௸ என்பன அத்தகையன அல்ல. அவை முறையே வருடம், மாதம், நாள், மேற்படி என்னுஞ் சொற்களுக்கு நிற்பன. ௸ என்பதனைக் கண்டார் ‘மேற்படி’ என்றே வாசிப்பர். ‘முற்கூறிய’ என வாசியார். ஆதலின் இவற்றைச் சொல்லெழுத்து என்றலே தகும். சீன எழுத்தும் கருத்தையன்றிச் சொல்லையே குறிக்கும் என 1838இல் து பொன்சோ என்னும் அறிஞர் வாதித்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இனி, ஆனைக்கோட்டை முத்திரையை நோக்குவாம். 1980களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அங்கு நிகழ்த்திய அகழாய்வில், பெருங்கற்காலத்து ஈமப் புதையலில் கிடைத்தது அது. கீழ்வரி பிராமி எழுத்தாலாயது. ‘கோவேத’ என்றும் ‘கோவேந்த’ என்றும் வாசிப்பர். மேல்வரியில் மூன்று குறிகள் உள. கீழ்வரிப் பொருளையே மேல்வரி கருத்தெழுத்தால் உரைக்கும் என்பாரும், முத்தலை வேல் போன்ற குறி அரசனைக் குறிக்கும் என்பாரும் உளர்.

இக்கொள்கை ஆராயத்தக்கது. மேலே மூன்று குறி, கீழே மூன்று எழுத்து என எண்ணொப்புமை காட்டின், குறியொவ்வொன்றும் ஓரசைக்கு நிற்கும் ஒலியெழுத்தாய் முடியும், கருத்தெழுத்தாகாது. ‘கோ’ என்னுஞ் சொல்லுக்கு ஒரு குறி நிற்குமாயின், அது சொல்லெழுத்தாம். அன்றி, கொடுமணல் முதலிய இடங்களின் மட்கலங்களிற் காணும் கீறற்குறிகள் போல, உடையாரையோ குடியையோ சுட்டும் அடையாளமாயின், அது எழுத்தே அன்று. இவற்றுள் ஒன்றனைத் துணிதற்கு ஒரு முத்திரை போதாது. சிந்துவெளிக் குறிகளோடு உருவொப்புமை உண்டெனினும், உருவொப்புமை பொருளொப்புமை ஆகாது. 1822இல் சம்போலியன் எகிப்திய எழுத்தின் மறைபொருளை வெளிப்படுத்தியது நீண்ட வாசகங்களையும் பல அரசர் பெயர்களையும் ஒப்பிட்டன்றோ!

இவ்வாறு மறுத்தலால் முத்திரையின் பெருமை குன்றுமோ எனின், குன்றாது. கி.மு. 3ஆம் நூற்றாண்டளவினது எனக் கருதப்படும் இம்முத்திரை, அக்காலத்தே இம்மண்ணில் எழுத்தறிவு நிலவியதைக் கீழ்வரியாலேயே நிறுவும். உறுதியான சான்றோடு ஐயத்துக்குரிய சான்றைப் பிணைப்பின், பின்னது வீழுங்கால் முன்னதும் ஐயத்துக்கிடமாகும். பழமையைப் போற்ற விழையும் மாணாக்கர், கண்டதையும் கருதியதையும் வேறு பிரித்தறியப் பயிலுதல் வேண்டும். நம் முன்னோர்க்கு நாம் செய்யும் மரியாதையும் அதுவே.