தப்பியோடுவோரும் தொல்பொருளும்: ஒரு விண்வெளிச் சாகசத் திரைப்படம் பற்றிய திறனாய்வு நோக்கு

பெருந்திரளான மக்களைச் சென்றடையும் சாகசக் கதைகளைப் பொழுதுபோக்கு எனக் கூறி ஒதுக்கிவிடும் போக்கு எமது திறனாய்வாளரிடையே நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. ஆயின், ஒரு சமூகம் எதனை இயல்பானதெனக் கொள்கின்றது, எதனைக் காண மறுக்கின்றது என்பதை இத்தகைய ஆக்கங்களே பல வேளைகளில் காட்டிக் கொடுத்துவிடுகின்றன.

அவ்வகையில், 2014ஆம் ஆண்டு வெளிவந்த 'கார்டியன்ஸ் ஒஃப் த கலக்ஸி' என்னும் அமெரிக்கத் திரைப்படம் நோக்கற்பாலது. இதனை நெறிப்படுத்தியவர் ஜேம்ஸ் கன்; திரைக்கதையை அவருடன் நிக்கோல் பேள்மன் இணைந்து எழுதினார். மார்வெல் சித்திரக் கதைகளில் இப்பெயர் 1969இல் தோன்றியதெனினும், 2008இல் டான் அப்நெற், அன்டி லானிங் ஆகியோர் உருவாக்கிய குழுவே திரைப்படத்துக்கு அடிப்படையாயிற்று.

கைவிடப்பட்ட கோளொன்றிலிருந்து பழம்பொருள் ஒன்றைக் கவர்ந்து செல்கின்றான் பீற்றர் குயில். அதனைச் சூழ்ந்த பூசலின் பின் சிறையுடைத்துத் தப்பியோடும் ஐவரின் கதையே இது. இவர்கள் அனைவரும் இழப்பினால் உருவானவர்கள். குயில், தாய் இறந்த இரவிலேயே பூமியிலிருந்து கடத்தப்பட்டவன். கமோறா, பெற்றோரைக் கொன்றவனாலேயே வளர்க்கப்பட்டவள். றொக்கற், ஆய்வுகூடச் சோதனைகளாற் சிதைத்து உருமாற்றப்பட்ட விலங்கு. ட்றாக்ஸ், மனைவியையும் மகளையும் பறிகொடுத்தவன். மரவுருவான குறூற் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தையே மொழிபவன். இவர்களின் துயரை நகைச்சுவையூடாகவே புலப்படுத்தியமை படைப்பாளரின் வெற்றி எனலாம்.

தொல்பொருளின் மதிப்பு மாறிச் செல்லும் விதம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. தொடக்கத்தில் அது வெறும் விற்பனைப் பண்டம். 400 கோடி 'யூனிற்' விலை பேசப்படுகின்றது. அதனுள் அடங்கியிருப்பது கோள்களையே அழிக்கவல்ல ஆற்றற்கல் என்பது பின்னரே தெரியவருகின்றது. இவ்வுண்மை வெளிப்படும் இடமும் பொருள் பொதிந்தது. அது, மாண்டுபோன ஆதிப் பேருயிர் ஒன்றின் துண்டிக்கப்பட்ட தலை. அதன் எலும்பையும் மூளையையும் அகழ்ந்து விற்கும் சுரங்கக் குடியிருப்பாக அது மாறியுள்ளது. தொன்மை யாவும் அங்கு சரக்கே.

அவ்விடத்திலேதான் 'சேகரிப்போன்' எனப்படும் செல்வனின் அடிமைப் பெண் கறினா, விடுதலை வேண்டி அக்கல்லைப் பற்றுகின்றாள். பற்றிய கணத்திலேயே வெடித்து மடிகின்றாள். கதையில் அக்கல்லை விடுதலைக்காக நாடியவள் அவள் ஒருத்தியே. ஆயினும் திரைப்படம் அவளுக்காக ஒரு கணமும் தரித்து நிற்கவில்லை. அவளது சாவு, கல்லின் வலிமையை விளக்கும் சான்றாக மட்டுமே பயன்படுகின்றது.

இதனை உச்சக்கட்டத்தோடு இணைத்து நோக்குதல் வேண்டும். குயில் கல்லைப் பற்றித் துடிக்கையில் ஏனையோர் ஒருவர் கையை மற்றவர் பற்றி அவ்வேதனையைப் பகிர்ந்துகொள்கின்றனர். தனியொருவரைச் சிதைக்கும் ஆற்றலைக் கூட்டாகத் தாங்கலாம் என்பது உயர்ந்த கருத்து. அக்கருத்தின்படி, கறினா மாண்டமைக்குக் காரணம் அவளது கையைப் பற்ற எவரும் இல்லாமையேயாகும். தன் கதைக்குள்ளேயே இருக்கும் இவ்வுண்மையைத் திரைப்படம் உணர்ந்ததாகத் தெரியவில்லை. மேலும், குயில் அவ்வளவு நேரம் தாங்கியமைக்கு அவன் தந்தைவழி வந்த தொன்மையான வேற்றுக்குருதி காரணமாகலாம் என இறுதியிற் கூறப்படுகின்றது. தோழமைக்கு அளித்த பெருமையைப் பிறப்புக்கு மீட்டுக் கொடுக்கும் இச்செயல் கதையின் பெருங்குறைபாடாகும்.

ஈற்றிற் கல் சண்டார் அரசின் காவற்படையிடம் ஒப்படைக்கப்படுகின்றது; தப்பியோடியோரின் குற்றப்பதிவுகள் அழிக்கப்படுகின்றன. பேராற்றல் அரசின் பெட்டகத்தில் இருத்தலே பாதுகாப்பு என்பது இம்முடிவின் உட்பொருள். ஆனால் 2018இல் வெளிவந்த 'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிற்றி வோர்' திரைப்படத்தில், தனோஸ் சண்டாரை அழித்து அக்கல்லைக் கைப்பற்றிவிட்டான் என்ற செய்தி உரையாடலிற் போகிற போக்கிற் சொல்லப்படுகின்றது. பெட்டகத்தின் மீது வைத்த நம்பிக்கை ஒரு வாக்கியத்திற் சரிந்துவிடுகின்றது.

ஒதுக்கப்பட்டோரின் ஒன்றிணைவை உளமுருகக் காட்டிய இப்படைப்பு, அவர்களினும் கீழே நின்றவளை மறந்துவிட்டது. ஒரு கதையின் மனிதாபிமானத்தை அளக்க விரும்புவோர், அது யாரைக் காப்பாற்றியது என்பதோடு, யாருடைய சாவைக் கடந்து சென்றது என்பதையும் கேட்டல் வேண்டும்.