பதிவும் பட்டியலும்: திருகோணமலை வழக்குகளினூடாக ஒரு கலைச்சொல் விமரிசனம்

கலைச்சொல் ஆக்குவோர் பெரும்பாலும் அருஞ்சொற்களிடத்தேயே தம் கவனத்தைச் செலுத்துவர். விஞ்ஞானச் சொற்கள் பற்றி எழுந்த வாதங்கள் பல. ஆனால் கந்தோர்களிலும் பண்டகசாலைகளிலும் நூலகங்களிலும் நாள்தோறும் வழங்கும் எளிய சொற்கள், அதாவது ஒன்றை எழுதிவைத்தல், நிரைப்படுத்தல், பெயரிட்டு ஒட்டுதல் ஆகிய செயல்களைக் குறிக்கும் சொற்கள், போதிய ஆராய்வின்றியே வழக்கில் நிலைத்துவிட்டன. றெக்கோட், றெஜிஸ்ரர், லிஸ்ற், கற்றலொக், இன்வென்ரறி, இன்டெக்ஸ், டலி, லேபல் என ஆங்கிலம் வகுத்து வழங்கும் இடங்களில் நாம் பெரும்பாலும் இரு சொற்களையே கையாளுகின்றோம். அவை பதிவு, பட்டியல் என்பன. இவ்விரண்டும் போதுமா என்பதைத் துறைமுகப் பிரதேசமாகிய திருகோணமலையின் வழக்குகளைச் சான்றாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஆங்கிலச் சொற்களின் பிறப்பை நோக்குவோம். றெக்கோட் என்பது இலத்தீனில் மீண்டும் நெஞ்சுக்குக் கொணர்தல் என்னும் பொருளில் தோன்றியது. இன்வென்ரறி, தேடிக் கண்டவற்றின் கணக்கு. இன்டெக்ஸ், சுட்டுவிரல். லேபல், தொங்கும் நாடா. லிஸ்ற், நீண்ட துண்டு. டலி என்பதன் மூலம் வெட்டப்பட்ட கழி. கடனின் அளவைக் கோலொன்றிற் கீறி, அதனை நெடுக்காகப் பிளந்து, கொடுத்தவரும் பெற்றவரும் ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொள்வர். பாதிகள் பொருந்தினாலன்றிக் கணக்குச் செல்லாது. இங்கிலாந்தின் திறைசேரியிற் குவிந்துகிடந்த இத்தகைய கழிகளை 1834 இல் எரிக்கப்போய்ப் பாராளுமன்றக் கட்டடமே தீக்கிரையானது வரலாறு. இச்சொற்களுட் சில பொருளின் வடிவத்தால் வந்தவை எனினும், இன்று அவை செயலால் வேறுபடுகின்றன. லிஸ்ற் பொருளை விட்டு விலகி நிற்பது. லேபல் பொருளோடு செல்வது. றெஜிஸ்ரர் அதிகாரமுடைய ஓரிடத்தில் இருந்துகொண்டு உரிமையைத் தருவது.

நம் சொற்களோ பெரிதும் எழுதப்படும் பொருளையே பற்றி நிற்கின்றன. பேரேடு, நாளேடு, பதிவேடு, குறிப்பேடு ஆகிய அனைத்தும் ஏடுகளே. 1936 இல் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள், திருகோணமலை இந்துக் கல்லூரியின் பொறுப்பையும் ஏற்றிருந்தவர் என்பதை நாம் அறிவோம். அவரது தலைமுறையினரும், 1956 இன் பின் அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகளை ஆக்கியோரும் ஆற்றிய பணி பெரிது. அப்பணியின்றி நாம் தமிழிற் பட்டப்படிப்பைக் கற்றிருத்தல் இயலாது. எனினும் அலுவலகச் சொற்களைப் பொறுத்தவரை, "இது எதில் எழுதப்படுகின்றது?" என்ற வினா கேட்கப்பட்ட அளவுக்கு, "இதில் ஒரு பெயர் விடுபட்டால் என்ன நேரும்?" என்ற வினா கேட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

இரண்டாவது வினாவைக் கேட்டுப் பார்த்தால், ஈழத்து வழக்கின் சிறப்பொன்று புலப்படும். தமிழகத்தார் வாக்காளர் பட்டியல் என்பதை நாம் தேருநர் இடாப்பு என்கின்றோம். பாடசாலையிலும் வரவு இடாப்பு என்றே கூறுகின்றோம். சந்தைக்குக் கொண்டுசெல்லும் பொருட் பட்டியலில் உப்பு விடுபட்டால் மறுநாள் வாங்கிக்கொள்ளலாம். இடாப்பிற் பெயர் விடுபட்டால் வாக்கு இல்லை. அவ்வாறே இன்டெக்ஸ் என்பதற்குச் சுட்டி எனவும், பரீட்சார்த்தியின் எண்ணுக்குச் சுட்டெண் எனவும் வகுத்தமை மிகப் பொருத்தமானது. இலத்தீனின் விரலும் தமிழின் சுட்டும் ஒரே செயலைச் செய்கின்றன. செயலை நோக்கியவிடத்துச் சொல் நின்று நிலைத்துள்ளது.

எழுதுபொருளைக் கடந்து பயனை நோக்கிப் பெயரிடும் ஆற்றல் தமிழுக்குப் புதிதன்று. இதற்குத் திருகோணமலையே தக்க சான்று தருகின்றது. கவிராசவரோதயன் பெயரால் வழங்கும் கோணேசர் கல்வெட்டு, கல்லில் வெட்டப்பட்டதன்று. செய்யுளும் உரைநடையும் விரவிய ஏட்டு நூல். குளக்கோட்டன் திருப்பணி செய்தமையையும், தானத்தார், வரிப்பத்தார் முதலியோரைக் கோயிற் கடமைகளுக்கு நியமித்தமையையும், அவரவர்க்குரிய பொறுப்புகளையும் அது கூறுகின்றது. இஃது ஒரு பெயர் நிரலா என வினவின், இல்லை எனலாம். யார் எக்கடமைக்கு உரியர், யார்க்கு எது சேரும் எனக் கட்டுப்படுத்தும் ஆவணம் அது. கல்லின் உறுதியை உடையது என்ற கருத்திலேயே ஏடு கல்வெட்டெனப் பெயர் பெற்றது. யாழ்ப்பாணத்தில் முப்பத்தோராம் நாள் வழங்கப்படும் நினைவு நூலையும் கல்வெட்டு என்றே வழங்குவதை ஈண்டு ஒப்புநோக்கலாம்.

இதன் மறுபுறமும் மனங்கொள்ளத்தக்கது. 1620களிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டு கோட்டை அமைத்தனர். இணைக்கயல் பொறித்த சாசனக் கல் கோட்டை வாயிலிற் சுவர்க்கல்லாகியது. கல்லில் வெட்டியது கட்டடப் பொருளாயிற்று. ஏட்டில் எழுதியது கல்வெட்டாக நிலைத்தது. பதிவு என்பது எழுதுபொருளின் இயல்பன்று, அதனை ஏற்று நடக்கும் சமூகத்தின் செயல் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

இனி, பெயரிடுதலுக்கு வருவோம். கடற்படையினரின் படங்கள் இத்துறைமுகத்தின் ஒவ்வொரு குடாவுக்கும் தீவுக்கும் ஆங்கிலப் பெயரொன்றை ஒட்டின. சோபர் தீவு, பவுடர் தீவு, பாக் பே, டச் பே, சைனா பே என்பன அவற்றுட் சில. 1803 இற் கோட்டைக்குப் பிரெட்றிக் கோமகனின் பெயர் இடப்பட்டது. 1957 இல் ஆங்கிலக் கடற்படை தளத்தைக் கையளித்து நீங்கியது. ஒட்டுப்பெயர்கள் நீங்கவில்லை. ஆனால் இன்று வழங்கும் பெயர்களை நோக்கினால் மூவகை உறவுகளை அவதானிக்கலாம். சைனா பேயும் சீனன்குடாவும் பொருளால் இணைவன. ஓர்ஸ் ஹில்லும் உவர்மலையும் ஒலியால் நெருங்குவன. பிரெட்றிக் கோட்டையில் அயற்பெயர் அவ்வாறே நிற்கின்றது. பொருள், ஒலி, நேர்க்கடன் ஆகிய மூன்று வழிகளும் ஒரே பட்டினத்தில் முரணின்றி வழங்குகின்றன. மக்கள் வழக்கு ஒரே விதியைப் பிடித்துக்கொண்டு எல்லாச் சொற்களையும் அளப்பதில்லை.

கப்பற் சரக்கை இறக்குமிடத்தில் டலி என்னும் சொல்லே வழங்குவதையும் இவ்வாறே விளங்கிக்கொள்ளல் வேண்டும். கப்பற் பக்கத்தார் ஒரு கணக்கும் கரைப் பக்கத்தார் ஒரு கணக்கும் வைத்து, இரண்டையும் ஒப்பிடுவர். எண்ணிக்கை என்ற சொல்லில் எண்ணுபவர் ஒருவரே தோன்றுகின்றார். டலியில் இருவர் உளர். மூட்டை குறைந்தால் எப்பக்கத்தார் பொறுப்பு என்பதைத் தீர்ப்பது அவ்விருமையே. ஆகவே இக்கடன்சொல்லைச் சோம்பலின் விளைவு எனத் தள்ளுதல் தகாது.

தூய்மை நாடுவோர் இதனை மறுக்கலாம். ஆனால் நாம் தமிழெனக் கொண்டு வழங்கும் அட்டவணை, மராத்தியில் நினைவு என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. காணிக் கணக்கைக் குறிக்கும் தோம்பு போர்த்துக்கேயரிடமிருந்தும், கந்தோரும் நொத்தாரிசும் ஒல்லாந்தரிடமிருந்தும் வந்தவை. ஆட்சியாளர் மாறுந்தோறும் பதிவுமுறை மாறியது. முறையோடு சொல்லும் வந்தது. சொல்லின் ஊர் எதுவென்பதிலும், அது காட்டும் வேறுபாடு நமக்குத் தேவையா என்பதே முதன்மையான வினா. இதே அளவுகோல் மறுசாராருக்கும் பொருந்தும். லிஸ்ற் என்பதற்குப் பட்டியல் முற்றிலும் போதுமாயிருக்க, அதனை விடாது பிடித்திருப்பதில் நயமேதுமில்லை.

இவை சொல்லாராய்ச்சியாளரின் நுணுக்கங்கள் மாத்திரமே எனக் கருதுவோர் அண்மைக் கால வரலாற்றை நோக்குவாராக. சீனன்குடாவின் 99 எண்ணெய்க் குதங்களை 2022 இன் ஒப்பந்தங்கள் 14, 24, 61 என மூன்றாகப் பகுத்தன. அங்கே இருப்புக் கணக்கு என்பது வெறும் நிரலன்று. எது யார்வசம் என்னும் தீர்ப்பு.

இதனினும் பாரதூரமானது மனிதரின் பெயர். போரிற் காணாமற்போனோரின் உறவினர் இறப்பைப் பதிவு செய்ய 2010 இன் சட்டம் வழிசெய்தது. பலர் அதனை ஏற்க மறுத்தனர். 2016 இன் திருத்தம், இறந்தார் எனக் கூறாது, அவர் காணக்கிடைக்கவில்லை என்பதை மட்டும் சான்றுபடுத்தும் வேறொரு பத்திரத்துக்கு இடமளித்தது. திருகோணமலை மாவட்டத்திலும் இத்தகைய குடும்பங்கள் உள. மகனின் பெயர் காணாமற்போனோர் பட்டியலில் இருத்தல் வேண்டும், இறப்புப் பதிவில் இருத்தலாகாது என்று நிற்கும் தாய்க்குப் பட்டியலும் பதிவும் ஒன்றல்ல. பட்டியல் அவனைத் தேடும்படி கேட்கின்றது; பதிவு தேடலை முடித்துவிடுகின்றது. "பெயரைப் பதிந்தாயிற்று" என ஓர் அலுவலர் இரண்டுக்கும் பொதுவாக உரைப்பாராயின், அத்தாய் எதற்குக் கையொப்பமிட்டாள் என்பது அவளுக்கே தெளிவாகாது போகலாம்.

எனவே கலைச்சொல் ஆக்குவோர் மூன்று வினாக்களை முன்வைத்துக்கொள்ளல் நன்று. இவ்வெழுத்து பொருளோடு செல்வதா, விலகி நிற்பதா? இதனை ஒருவர் எழுதுகின்றாரா, இருவர் ஒப்புகின்றனரா? இதிற் பெயர் சேர்வதாலும் விடுபடுவதாலும் எவ்வுரிமை மாறும்? இவற்றுக்கு விடை கண்டபின், பழஞ்சொல்லை மீட்பதா, புதிது புனைவதா, கடன்கொள்வதா என்பதைத் தீர்மானிக்கலாம். இடாப்பு, சுட்டி, கல்வெட்டு, டலி ஆகிய நான்கும் வெவ்வேறு வழிகளில் வந்து, தத்தம் கடமையைச் செவ்வனே செய்வன. பதிவு, பட்டியல் என்னும் இரண்டின் மீது பிறர் சுமையையும் ஏற்றாது விடுதலே அவ்விரு சொற்களுக்கும் நாம் செய்யத்தக்க உதவியாகும்.