செவி கொண்டு ஆடும் யுத்தம்

துப்பாக்கிச் சண்டையைப் பொருளாகக் கொண்ட கைப்பேசி விளையாட்டு ஒன்றைப் பற்றிப் பேச்செடுத்தால், படம் எவ்வளவு தெளிவு, வினாடிக்கு எத்தனை சட்டகம் (எஃப்.பி.எஸ்.) வருகிறது, போன் எவ்வளவு சூடேறுகிறது என்பனவற்றையே நம்மவர் முதலில் விசாரிக்கிறார்கள். அவை கேட்கத் தகுந்த கேள்விகளே. ஆயினும், ‘கால் ஆஃப் டியூட்டி: மொபைல்’ என்னும் விளையாட்டை இந்தக் கோடைகாலம் நெடுக அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் இருந்தபடியே இரவுதோறும் ஆடிப் பழகிய பிறகு, இதன் ஜீவன் காதுக்குள் வந்து விழும் சப்தத்திலேதான் குடியிருக்கிறது என்ற தீர்மானத்துக்கு வந்திருக்கிறேன். ஆகையால், இதனைப் பற்றி நான் சொல்லப் புகுவதில் பெரும்பகுதி, கேட்பதைப் பற்றியதாகவே இருக்கும்.

விளையாட்டின் பூர்வோத்தரம் பலரும் அறிந்ததே. 2003-ல் இரண்டாம் உலக யுத்தத்தைக் களமாகக் கொண்டு கணினியில் தோன்றிய இந்தத் தொடர், 2007-ல் ‘மாடர்ன் வார்ஃபேர்’ என்ற பகுதியின் மூலம் தற்காலப் போர்முறைக்கு வந்து சேர்ந்தது. 2019 அக்டோபர் 1-ஆம் தேதி, டென்சென்ட் நிறுவனத்தின் டிமி ஸ்டுடியோ வடிவமைக்க, ஆக்டிவிஷன் வெளியிட, கைப்பேசிக்குள் புகுந்தது. 2020 செப்டம்பரில் பப்ஜி விளையாட்டும் அதனோடு நூற்றுக்கு மேற்பட்ட செயலிகளும் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டபோது இது அந்தப் பட்டியலில் அகப்படவில்லை. அதனால், களம் இழந்த இளைஞர்கள் பலர் இதில் வந்து சேர்ந்தார்கள். ஐவர்க்கு ஐவர் என்னும் சிறு சண்டைகளும், பரந்த தீவில் நிகழும் ‘பேட்டில் ராயல்’ பெருஞ்சண்டையும் இதில் உண்டு. நியூக்டவுன், கிராஷ், கிராஸ்ஃபயர், ஃபயரிங் ரேஞ்ச் முதலிய பழைய களங்கள் எல்லாம் கைப்பேசித் திரைக்குள் வந்திருக்கின்றன. இவற்றின் விவரங்களில் காலம் போக்க வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியது காலடி ஓசை. எதிராளி வெறுந்தரையில் வைக்கும் அடி ஒரு மாதிரி. இரும்புப் படியில் வைக்கும் அடி மற்றொரு மாதிரி. மரப்பலகையின் மேல் ஓடினால் அது அதிர்ந்து சொல்கிறது. அவன் ஓடினால் ஓசை ஓங்குகிறது, குனிந்து நடந்தால் ஏறத்தாழ அற்றுப்போகிறது. சுவருக்கு அப்பால் ஒருவன் தன் துப்பாக்கிக்குத் தோட்டாக் கூடு மாற்றும் ‘கிளிக்’ ஒலி, அவன் அடுத்த ஓரிரு வினாடிகளுக்கு நிராயுதபாணி என்னும் செய்தியை நமக்குக் கொண்டு வருகிறது. வெடிக்கும் துப்பாக்கிகளின் ஒலியும் அவ்வாறே. பழகிய செவி, நீண்ட குழல் கொண்ட ஸ்னைப்பரையும், அருகில் நின்று இறைக்கும் சிறு இயந்திரத் துப்பாக்கியையும், ஏ.கே.-47-ஐயும் பாராமலே பிரித்து அறிந்துவிடுகிறது. எங்கள் பக்கத்துப் பையன்கள் குழுவாக ஆடும்போது, “டேய், படியில ஸ்டெப்ஸ் கேக்குதுடா, ஒருத்தன் ஏறி வர்றான்” என்று எச்சரிப்பதை அடிக்கடி கேட்கலாம். அந்த எச்சரிக்கையில்தான் இவ்விளையாட்டின் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

இது எவ்வாறு சாத்தியமாகிறது என்பதைச் சற்றே ஆராய்ந்தால் வியப்பு இன்னும் கூடுகிறது. வலப்புறத்தில் எழும் ஓசை, இடச்செவியைக் காட்டிலும் வலச்செவியை முந்தி எட்டுகிறது. அந்த முந்துதல், மிகையாகப் போனாலும், ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அத்துணைச் சிறிய கால வேற்றுமையையும், தலையின் மறைவால் ஒரு செவியில் ஒலி சற்றே மங்குவதையும் கொண்டு, மனித மூளை திசையைக் கணித்துவிடுகிறது. ஆனால், நேர் முன்னே எழும் ஓசையும் நேர் பின்னே எழும் ஓசையும் இரு செவிகளையும் ஒருங்கே எட்டுவதால், அவ்விரண்டில் எது என்ற மயக்கம் இயற்கையிலேயே உண்டு. வாழ்க்கையில் நாம் அந்த மயக்கத்தைத் தலையைத் திருப்பித் தீர்த்துக்கொள்கிறோம். இந்த விளையாட்டில் அதே காரியத்தை வலக்கைக் கட்டைவிரல் செய்கிறது: பார்வையைச் சிறிது திருப்பினால், காதுக்குள் கேட்கும் காலடியும் இடம் மாறி, பகைவன் முதுகுப்புறம் இருக்கிறானா முகத்துக்கு நேரே வருகிறானா என்பது துலங்கிவிடுகிறது. கழுத்தின் வேலையை விரல் கற்றுக்கொள்ளும் அந்த அனுபவம், திரையின் சித்திர நேர்த்தி எதனாலும் கிட்டாத ஓர் ஆனந்தம். மேல்மாடியா கீழ்த்தளமா என்பதை மட்டும் இவ்வொலி அவ்வளவு திருத்தமாகச் சொல்வதில்லை. கிராஷ் களத்து மாடிக் கட்டடத்தினுள் இந்தக் குறை தெளிவாகவே தெரிகிறது.

இவ்வொலியின் பெருமையை முழுமையாக உணர விரும்புவோர் ‘சர்ச் அண்டு டெஸ்ட்ராய்’ என்னும் ஆட்டமுறையை ஆட வேண்டும். ஒரு கட்சியார் குறித்த இரண்டு இடங்களில் ஒன்றில் வெடிகுண்டு வைக்க வேண்டும். மறுகட்சியார் அதைத் தடுக்க வேண்டும். அந்தச் சுற்றில் விழுந்தவர் மறுபடி எழுவதில்லை. உயிர் ஒன்றே என்று ஆகிவிட்ட அந்தக் கணத்தில், சற்றுமுன் வரை கூச்சலும் ஓட்டமுமாக இருந்த ஆட்டம் நிசப்தத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. ஓட அஞ்சுகிறார்கள், குனிந்து நகர்கிறார்கள், சுடுவதற்கும் யோசிக்கிறார்கள், ஏனெனில் ஒலியடக்கி பொருத்தாத துப்பாக்கியைச் சுட்டால், சுட்டவன் இருக்கும் இடம் பகைவனின் சிறு வரைபடத்தில் செம்புள்ளியாகத் தெரிந்துவிடும். தம் காலடி பிறர் செவிக்கு எட்டாதபடி செய்துகொள்ளும் ‘டெட் சைலன்ஸ்’ என்ற திறனும் இதில் உண்டு. கேட்பதற்கு ஒரு கலை இருப்பதுபோல, கேட்கப்படாமல் இருப்பதற்கும் ஒரு கலை இருக்கிறது என்பதை இதை இயற்றியோர் நன்கு உணர்ந்திருக்கிறார்கள்.

கல்லங்குறிச்சியில் வசிப்பவனுக்கு வெடியோசை புதிதன்று. அரியலூரைச் சூழ்ந்த சிமெண்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டும் சுரங்கங்கள் எங்கள் ஊரை ஒட்டியே இருக்கின்றன. அங்கே வெடி வைக்கும்போது, பாறையினூடே வரும் அதிர்ச்சி, காற்றினூடே வரும் ஒலியைப் பன்மடங்கு முந்திக்கொள்வதால், முதலில் உள்ளங்கால் அறியும். அடுத்து ஜன்னல் கதவு அறியும். அதன் பின்பே செவி அறியும். இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், விளையாட்டின் கைக்குண்டு வெடிப்பு ஒரு படி கீழேதான் நிற்கிறது. காதுக்குழலுக்குள் எத்துணை முழங்கினாலும், தரையை அசைக்க அதனால் ஆகாது. ஆனால், வெடிப்பின் பின்விளைவைக் காட்டுவதில் இது வல்லது. கண்கூச வைக்கும் ‘ஃபிளாஷ்’ குண்டு அருகில் விழுந்தால், திரை வெளுத்துப்போவதோடு, உலகத்து ஓசைகள் எல்லாம் அமுங்கி, செவிக்குள் ஒரே ரீங்காரமாக நின்றுவிடுகிறது. பார்வை இழந்ததைவிடக் காலடி ஓசையை இழந்ததுதான் அந்தச் சில வினாடிகளில் நம்மை நிர்க்கதி ஆக்குகிறது.

இந்த ஒலிச் செல்வத்தை அனுபவிக்க வேண்டுமானால், கைப்பேசியின் அடியில் இருக்கும் சிறு ஒலிபெருக்கி உதவாது. இடமும் வலமும் அதில் ஒன்றாகக் குழம்பிவிடும். காதுக்குழல் வேண்டும், அதுவும் கம்பி உள்ளதாக இருக்க வேண்டும். இவ்விஷயத்தில் என் அபிப்பிராயம் உறுதியானது. ப்ளூடூத் காதுக்குழல், ஒலியைச் சுருக்கி, அனுப்பி, மறுபடி விரித்துத் தருவதற்குள், சாதாரணமாக ஒரு வினாடியில் பத்தில் ஒன்று முதல் இரண்டு பங்கு வரை கழிந்துவிடுகிறது. பாட்டுக் கேட்பவனுக்கு அது ஒரு பொருட்டல்ல. படம் பார்ப்பவனுக்கும் செயலியே சமன் செய்து கொடுத்துவிடும். காலடி கேட்டு உயிர் காத்துக்கொள்ள வேண்டியவனுக்கோ அந்தத் தாமதம் தோல்வி. இப்படியிருக்க, கம்பிக் காதுக்குழல் செருகும் வட்டத் துளையைப் போன்களிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கி வரும் இக்கால வழக்கத்தை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். சொற்ப விலையில் எந்தக் கடையிலும் கிடைத்து, மின்னேற்றம் வேண்டாமல், தாமதம் இல்லாமல் உழைத்து வந்த ஒரு சாதனத்தை, அதற்கு நிகரான மாற்று ஒன்றைத் தராமலே பறிப்பது முன்னேற்றம் ஆகாது. அத்துளை இல்லாத போன் வைத்திருப்போர், மின்னேற்றத் துவாரத்திலேயே செருகும் டைப்-சி காதுக்குழல் வாங்கிக்கொள்வது நலம்.

கம்பியையாவது சரிசெய்துகொள்ளலாம். காற்றில் வரும் இணையத்தை என்ன செய்வது? எதிராளியின் நகர்வு, முதலில் எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய், அங்கிருந்து நம் கைக்கு வந்த பிறகே காலடியாக ஒலிக்கிறது. அந்தப் பயணக் காலத்தைப் பையன்கள் ‘பிங்’ என்கிறார்கள். அது ஐம்பது மில்லிசெகண்டுக்குள் இருக்கும் வரை, கேட்டதும் நிகழ்ந்ததும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. சாயங்காலத்தில் ஊர் முழுவதும் போனைக் கையில் எடுக்கும் நேரத்தில், “பிங் ஏறுதுடா, லேக் அடிக்குது” என்ற புலம்பல் தொடங்கிவிடும். அப்போது நாம் கேட்கும் காலடி, முன்பே அவ்விடம் விட்டு அகன்றவனின் காலடி. அதை நம்பித் திரும்பினால் அங்கே வெறும் சுவர் இருக்கும். இரவு பத்து மணிக்கு மேல், ஊர் அடங்கி, சுண்ணாம்புக்கல் லாரிகளின் இரைச்சலும் குறைந்த பின்பு ஆடுவதே கிராமத்தவருக்கு நான் கூறும் யோசனை.

செவியின் விளையாட்டு என்று இதை ஏற்றுக்கொண்டால், அதற்கு விரோதமான இரண்டு காரியங்கள் கண்ணில் படுகின்றன. முதலாவது, மைக்கை மூடாமல் ஆடும் சகவீரர்கள். ஒருவர் வீட்டுக் குக்கர் விசிலும், மற்றொருவர் வீட்டுத் தொலைக்காட்சித் தொடரின் அழுகையும் நம் காதுக்குள் வந்து பெருகும்போது, பகைவனின் காலடி அவற்றினடியில் புதைந்துபோகிறது. பேச வேண்டியபோது மட்டும் மைக்கைத் திறப்பது, குழுவாக ஆடுவோர் கடைப்பிடிக்க வேண்டிய முதல் மரியாதை. இரண்டாவது, துப்பாக்கிகளுக்குப் பூட்டும் அலங்காரம். தீப்பிழம்பு கக்குவதும், சுடுந்தோறும் மின்னுவதுமான உறைகளை ‘லக்கி டிரா’ என்ற குலுக்கலில் வைத்து, ஒவ்வோர் இழுப்புக்கும் விலையை உயர்த்திக்கொண்டே போகும் ஏற்பாடு, இளம் பிராயத்தினரின் பணத்தைக் கரைப்பதோடு, யுத்தகளத்தின் கம்பீரத்தையும் கெடுக்கிறது. காலடி ஓசையில் இவ்வளவு சிரத்தை எடுத்துக்கொண்ட கைகளிடமிருந்து இது வந்திருக்க வேண்டியதில்லை.

இனி, இவ்விளையாட்டு என்னைச் சிந்திக்க வைத்த ஒன்றைக் கூறாமல் விடுவது தர்மமன்று. கல்லங்குறிச்சிக் கலியுக வரதராஜப் பெருமாள் கோயிலில், அனுமனின் உருவம் பொறித்த கம்பமே மூலவராக வணங்கப்படுகிறது. ஆண்டுப் பெருவிழா ஸ்ரீராமநவமியன்று தொடங்குகிறது. ஆகவே, இராமனின் தந்தை செய்த பிழை எங்கள் ஊரில் சிறுவர்க்கும் தெரிந்த கதை. பாராமலே ஒலி வந்த திசையில் குறி தவறாமல் அம்பு தொடுக்க வல்ல தசரதன், இருளில், யானை நீர் பருகுகிறது என்று எண்ணி, கண்ணிழந்த தாய் தந்தையர்க்காகக் கலசத்தில் நீர் முகந்துகொண்டிருந்த பிள்ளையின் மேல் அம்பை விட்டான். வித்தை பழுதில்லை, குறியும் பிழைக்கவில்லை. ஒலிக்கு உரியவன் யார் என்று கேளாததே அவன் செய்த பாவம். புத்திரசோகத்தால் அவன் உயிர் போனது அதன் பயன்.

இந்த விளையாட்டு தசரதனின் வித்தையை நம் கைக்குக் கொடுக்கிறது. அவனுடைய சோகத்தை மட்டும் கொடுப்பதில்லை. பெரும்பாலான ஆட்டமுறைகளில் விழுந்தவன் சில வினாடிகளில் எழுந்து மறுபடி ஓடி வந்துவிடுகிறான். விளையாட்டு என்றால் அப்படித்தான் இருக்க முடியும். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆயினும், மெய்யான களத்தில் விழுந்தவர் எழுவதில்லை. 2019 பிப்ரவரி 14-ல் காஷ்மீரின் புல்வாமாவில் நடந்த தாக்குதலில் உயிர்நீத்த நாற்பது மத்திய ரிசர்வ் போலீஸ் வீரர்களுள் ஒருவர் இதே அரியலூர் மாவட்டத்துக் கார்குடி கிராமத்தைச் சேர்ந்தவர். சீருடை அணிந்தவனின் காலடி ஒவ்வொன்றுக்கும் பின்னே, அதற்காகச் செவி சாய்த்துக் காத்திருக்கும் ஒரு வீடு உண்டு என்பதை, இதை ஆடும் நம் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். அந்தப் பாடத்தை விளையாட்டு கற்பிக்காது. நாம்தான் கற்பிக்க வேண்டும்.

முடிவாக என் தீர்ப்பு இது. கைப்பேசியில் ஆடத்தக்க தற்காலப் போர் விளையாட்டுகளுள், கேட்கும் திறனை இவ்வளவு மதித்துப் பரிசளிக்கும் வேறொன்றை நான் அறியேன். பணம் ஒரு காசும் செலவிடாமல் இதன் முழு இன்பத்தையும் பெறலாம் என்பதால், வளர்ந்தவர்களுக்குத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். சிறு பிள்ளைகளுக்கு இது உரியதன்று. அமைப்புப் பகுதிக்குச் சென்று, பின்னணி இசையை முற்றும் அணைத்துவிட்டு, பிற ஓசைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காலடியைத் துல்லியமாகக் கேட்க வேண்டும் என்ற ஆசையில் ஒலியளவை உச்சத்துக்கு ஏற்றிவிடாதீர்கள். அடுத்த கணம் வெடிக்கும் குண்டும் அதே அளவில்தான் செவியைத் தாக்கும். வளர்ந்தவர்க்கு 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதே உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. ஒலி ஏற ஏற அந்த நேரம் வெகு வேகமாகச் சுருங்கும். லாரிகள் ஓடும் அரியலூர்ச் சாலையில் நடக்கும்போது மட்டும், காதுக்குழலை இரு செவிகளிலிருந்தும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.