பெயரை மட்டும் மாற்றினால்

கதை எழுதுகிறவர்களுக்குப் பழைய தந்திரம் ஒன்று உண்டு. பக்கத்து வீட்டு மாமியை அப்படியே கதையில் வைத்துவிட்டுப் பெயரை மட்டும் மாற்றிவிடுவது. நானும் செய்திருக்கிறேன். பத்திரிகை வந்த மறுநாளே மாமி என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

அமெரிக்காவில் ஹார்வர்டு ஆராய்ச்சிக்காரர்களும் இதைத்தான் செய்தார்கள். 2006-லிருந்து தங்கள் கல்லூரி மாணவர் சுமார் 1,700 பேரின் ஃபேஸ்புக் பக்கங்களை, அவர்களைக் கேளாமலே திரட்டினார்கள். 2008-ல் மாணவர் பெயர், கல்லூரிப் பெயர் எல்லாவற்றையும் நீக்கி முதல் பகுதியை வெளியிட்டார்கள். சில நாட்களிலேயே கல்லூரி எதுவென்று வெளிப்பட்டுவிட்டது. கூடவே தந்த விளக்கக் குறிப்பே காட்டிக்கொடுத்துவிட்டது! அதன்படி, சில நாட்டுக்காரர் மொத்தத்தில் ஒரே ஒருவர்தான். அவரைக் கண்டுபிடிக்கப் பெயர் எதற்கு?

எல்லாம் வெளியே கிடந்ததுதானே என்பது அவர்கள் கட்சி. எனக்கு அது சரியாகப் படவில்லை. திரட்டியவர்கள் அதே கல்லூரியைச் சேர்ந்த மாணவர்கள். உள்ளூர்க்காரருக்கென்று மட்டும் திறந்து வைத்த பக்கங்களும் அவர்கள் கண்ணில் பட்டிருக்கும். திண்ணையில் பேசியதைத் தண்டோராப் போடலாமா?

ஆராய்ச்சி வீண் என்று நான் சொல்லமாட்டேன். நட்பும் ரசனையும் எப்படி வளர்கின்றன என்று பார்ப்பது நல்ல காரியந்தான். கேட்டிருந்தால் பலர் சம்மதித்திருக்கவும் கூடும்.

மாமியையும் நான் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அந்தக் கதை வந்திராது என்பதும் எனக்குத் தெரியும்.