1858-ன் சேலம் ஜில்லாவை எப்படிப் பார்ப்பது?

புகைப்படக் கழகம் என்றதும் நம் பக்கத்தில் நினைவுக்கு வருவது, ஞாயிற்றுக்கிழமை விடியலில் கழுத்தில் கேமராவோடு ஏற்காடு ஏறும் கூட்டம்தான். இந்த ஆசைக்கு வயது நூற்று அறுபதுக்கு மேல். மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி 1850-களிலேயே பிறந்துவிட்டது. சென்னையில் ஓவியப் பள்ளியை நிறுவிய டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர்தான் அதற்குத் தூண்.

அந்தக் காலத்து அமெச்சூர்களில் ஒருவர் கேப்டன் லினேயஸ் டிரைப். கம்பெனிப் படை அதிகாரி, போட்டோ பிடிக்கக் கற்றது ஆசைக்கு. 1855 மெட்ராஸ் கண்காட்சியில் பதக்கம் வாங்கினார். அடுத்த ஆண்டு மாகாண அரசே அவரைத் தன் புகைப்படக்காரராக வைத்துக்கொண்டது. 1857 டிசம்பரில் சாமான்களை மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு பெங்களூரிலிருந்து தெற்கே கிளம்பினார். அடுத்த ஆண்டு வெளிவந்த அவருடைய ஆல்பங்களில் ஒன்று, இராயக்கோட்டையையும் சேலம் ஜில்லாவின் வேறு சில இடங்களையும் பற்றியது. (இராயக்கோட்டை இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது.)

டிரைப்பின் படம் ஒன்று கண்ணில் பட்டால் கோட்டையை விட்டுவிட்டு முதலில் வானத்தைப் பாருங்கள். அன்றைய ரசாயனத்துக்கு நீல ஒளிதான் நன்றாகத் தெரியும். அதனால் நீல வானமும் வெள்ளை மேகமும் ஒரே வெளுப்பாகிவிடும். நம் செம்மண்ணும் புளியமரமும் கருத்துப் போகும். வெறும் வானம் பிடிக்காமல், சில நெகட்டிவ்களில் டிரைப் தூரிகையால் மேகம் தீட்டினார். இதை மோசடி என்பவர்கள் உண்டு. எனக்கு அது ரசனையாகத்தான் படுகிறது.

அடுத்து மரங்களைப் பாருங்கள். காற்றில் ஆடிய கிளை புகைபோலக் கலைந்திருக்கும். லென்ஸ் நெடுநேரம் திறந்தே இருக்கவேண்டிய காலம் அது. நடந்து போனவர் படத்தில் விழவே மாட்டார். தெரு வெறிச்சோடிக் கிடப்பதை வைத்து ஊரில் ஆளில்லை என்று எண்ணிவிடாதீர்கள். பாறைக்குத்தான் யோகம். அது அசையாது. மெழுகேற்றிய காகித நெகட்டிவின் நார் பாறையின் சொரசொரப்போடு சேர்ந்து, தொட்டுப் பார்க்கலாம்போல ஒரு தளத்தைக் கொடுக்கும். கண்ணாடி நெகட்டிவின் துல்லியத்தில் இந்த அழகு கிடையாது.

மெட்ராஸ் கவர்னர் டிரெவெலியனுக்கு இந்த அரசுப் புகைப்பட வேலை வீண் செலவாகத் தெரிந்தது. வேலை நின்றது, 1860-க்குப் பிறகு டிரைப் எடுத்த படங்கள் சொற்பம்.

டிரைப்பின் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணோடு நாமக்கல் மலைக்கோட்டைக்குப் போங்கள். உச்சிவெயிலில் அந்த ஒற்றைப் பாறை தட்டையாகத்தான் விழும். காலை ஏழு மணிக்குச் சாய்வெயில் பட்டால் ஒவ்வொரு மடிப்பும் விரிசலும் தனித்தனியே எழுந்து நிற்கும். அடுத்தமுறை உங்கள் ஊர்க் கழகம் கண்காட்சி வைத்தால், எந்த லென்ஸ் என்று கேட்க வேண்டாம். எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று கேளுங்கள். மற்றதைப் படம் எடுத்தவரே உற்சாகமாகச் சொல்வார்.