பந்தைப் பார்க்காதீர்கள்: பழைய யூ.சி.எல்.ஏ. ஆட்டங்களை ரசிக்க

கூடைப்பந்து பார்க்க உட்கார்ந்தால் கண் பந்தின் பின்னாலேயேதான் ஓடும். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணியின் பழைய ஒளிப்பதிவுகளை அப்படிப் பார்த்தால் பாதிச் சுவைதான் கிடைக்கும். 1964-லிருந்து 1975 வரை 12 ஆண்டுகளில் 10 முறை அமெரிக்கக் கல்லூரிப் பட்டத்தை வென்ற அணி அது. அதில் ஏழு பட்டங்கள் தொடர்ச்சியாக வந்தவை. பயிற்சியாளர் ஜான் வுடன்.

முதலில் 1964 அணியைப் பாருங்கள். என் ஓட்டு இதற்குத்தான். முதல் ஐவரில் ஆறடி ஐந்து அங்குலத்தைத் தாண்டியவர் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் 30 ஆட்டம் ஆடி முப்பதிலும் ஜெயித்தார்கள். சூட்சுமம் அவர்கள் கூடை போட்ட பிறகுதான் தெரியும். வேறு அணியாக இருந்தால் தன் பக்கம் காக்கத் திரும்பி ஓடும். இவர்கள் அங்கேயே முன்னால் இருவர், நடுவில் இருவர், பின்னால் ஒருவர் என்று நின்றுகொள்வார்கள். எதிரணியின் முதல் பாஸைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். பந்தை வாங்கியவரை ஓரக்கோட்டுப் பக்கம் ஒதுக்கி, இருவர் சேர்ந்து மறிப்பார்கள். பத்து நொடிக்குள் அவர் நடுக்கோட்டைத் தாண்டியாக வேண்டும். பதற்றத்தில் அவர் தலைக்கு மேலே வீசும் பந்துக்காகப் பின்னால் காத்திருப்பவர் கீத் எரிக்சன். அதே ஆண்டு ஒலிம்பிக்கில் அமெரிக்க வாலிபால் அணிக்கு ஆடியவர். அவர் எம்புவதைப் பார்த்தால் ஆச்சரியம் இருக்காது.

பந்தைப் பறிப்பதைவிட எதிரணியை அவசரப்படுத்துவதுதான் இதன் நோக்கம். இத்தனை நொடிக்குள் கூடைக்கு எறிய வேண்டும் என்ற கடிகாரம் அன்று கல்லூரி ஆட்டத்தில் கிடையாது. உயரமான அணி நினைத்தால் பந்தை வைத்துக்கொண்டு நிதானமாக ஆடலாம். அந்த நிதானத்தைத்தான் வுடனின் ஆட்கள் குலைத்தார்கள். இறுதி ஆட்டத்தில் டியூக் அணியில் ஆறடி பத்து அங்குலக்காரர்கள் இருவர். டியூக் 30-27 என்று முன்னிலையில் இருந்தபோது, ஏறத்தாழ இரண்டரை நிமிடத்தில் யூ.சி.எல்.ஏ. வரிசையாக 16 புள்ளி எடுத்தது. அந்த இரண்டரை நிமிடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். முடிவு 98-83.

  

அடுத்து லூ அல்சிண்டர், பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார். முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடக் கூடாது என்பது அன்றைய விதி. 1965 நவம்பரில் அவருடைய முதலாண்டு அணி, நடப்பு சாம்பியனான தன் கல்லூரிப் பிரதான அணியையே 75-60 என்று தோற்கடித்தது. 1967-ல் கல்லூரி ஆட்டத்தில் டங்க் அடிப்பதையே, அதாவது எம்பி வளையத்துக்கு மேலிருந்து பந்தைக் கூடைக்குள் திணிப்பதையே, தடை செய்தார்கள். அல்சிண்டரை அடக்கத்தான் என்று பலரும் சொன்னார்கள். தடை 1976 வரை நீடித்தது.

1973 இறுதி ஆட்டத்தைப் பார்க்கும்போது இந்தத் தடை நினைவிருக்கட்டும். மெம்பிஸ் ஸ்டேட்டுக்கு எதிராக யூ.சி.எல்.ஏ.வின் பில் வால்ட்டன் 22 முறை எறிந்து 21 கூடை போட்டார். மொத்தம் 44 புள்ளி. டங்க் கிடையாது, எல்லாம் விரல் நுனி வேலை. அவருக்குப் பந்து வராமல் தடுக்க எதிராளி முன்னால் வந்து நிற்கிறார். வால்ட்டன் அவரை முதுகுப்பக்கம் வரவிடாமல் கால்களால் இடம் பிடித்துக்கொள்கிறார். சக ஆட்டக்காரர் கிரெக் லீ பந்தை மேலே தூக்கிப் போடுகிறார். கூடைக்கு வழிவகுத்த லீயின் பாஸ்கள் மட்டும் 14. புள்ளிப் பட்டியலில் வால்ட்டன்தான் தெரிவார். நீங்கள் லீயின் கைகளையும் பாருங்கள்.

தோல்வியையும் விடாதீர்கள். 88 ஆட்டம் தொடர்ந்து வென்றவர்கள் 1974 ஜனவரி 19 அன்று நோட்டர் டேம் அணியிடம் வீழ்ந்தார்கள். ஏறக்குறைய மூன்றரை நிமிடம் மிச்சம். 70-59 என்று முன்னிலை. அதற்குப் பிறகு யூ.சி.எல்.ஏ. ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஆட்டத்தைச் சற்று நிறுத்த டைம் அவுட் கேட்பதில் வுடனுக்கு என்றுமே விருப்பமில்லை. நோட்டர் டேமின் டுவைட் கிளே மூலையிலிருந்து எறிந்ததும் 71-70. மிச்சமிருந்த நொடிகளில் யூ.சி.எல்.ஏ.வுக்குக் கிடைத்த வாய்ப்புகள் ஒன்றல்ல, பல. எல்லாம் வளையத்தில் பட்டுத் திரும்பின.