பெயர்த்தெழுதும் மரபும் அச்சும்

பனையோலைச் சுவடி, எத்துணைப் பக்குவமாகப் பேணப்பட்டாலும், நம் நாட்டின் வெப்பத்திலும் ஈரத்திலும் சில நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைப்பது அரிது. ஆதலின், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய பாட்டுகள் இன்று நம் கைக்கு வந்திருக்கின்றனவென்றால், தலைமுறைதோறும் யாரோ ஒருவர் எழுத்தாணி பிடித்து அவற்றைப் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதிய சிரத்தையே அதற்குக் காரணம். வேண்டுவோர் உள்ளவரை நூல் வாழும் என்னும் நியதி இம்மரபின் பெருஞ்சிறப்பு. அதன் கொடுமையும் அதுவே. 1880இல் சேலம் இராமசுவாமி முதலியார் கும்பகோணத்திற் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்கும் வரையில், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல்லாண்டு பாடங்கேட்ட உ.வே. சாமிநாதையரே அந்நூலைப் பயின்றிருக்கவில்லை. கரிவலம்வந்தநல்லூரிலோ, சிதைந்த பழஞ்சுவடிகளை ஆகம விதியென்று நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டனர் என்ற செய்தியை அவர் நேரிற் கேட்டு வருந்த நேர்ந்தது.

எஞ்சிய ஏடுகளும் எளிதிற் பொருள் தருவன அல்ல. மெய்க்குப் புள்ளி இராது. எகர ஏகாரம் வேறுபடா. காலும் ரகரமும் ஒரே வடிவாயிருக்கும். மூலமும் உரையும் இடைவெளியின்றி ஓடும். பொருளுணராது எழுதினவன் சொல்லைச் சிதைத்தான். உணர்ந்தெழுதிய புலவனோ சிற்சில இடங்களில் தன் அபிப்பிராயத்துக்கு இசையத் திருத்தினான். இவ்விருவருள் பின்னவன் செய்த தீங்கே பெரிது என்பேன். சிதைவு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும், அழகிய திருத்தமோ மூலம்போலவே நின்று மயக்கும்.

சிந்தாமணியும், சி.வை. தாமோதரம்பிள்ளை பதிப்பித்த கலித்தொகையும் 1887இல் அச்சேறின. பல பிரதிகளை ஒருங்கே வைத்து ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் குறிக்கும் முறை வேரூன்றவே, பதிப்பாசிரியரின் முடிவை ஐயுறவும் மறுக்கவும் வாசகனுக்கு ஆதாரம் கிடைத்தது. இதனை அச்சின் தலையாய நன்மையாகக் கருதுகிறேன். தாளின் உறுதியைப் புகழ்வதற்கில்லை: அக்காலத்துப் பதிப்புகள் பல பழுப்பேறி, புரட்டும்போதே விளிம்பு உதிர்கின்றன, எண்ணெயிட்டுக் காத்த ஓலை அவற்றினும் நீண்ட ஆயுளுடையது. ஆயினும் ஓலை ஒன்று; அச்சுப் பிரதியோ ஊர்தோறும் பரவியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தபோது, அச்சேறிய நூல்களுக்கு வேறு பிரதிகளைத் தேடிப் பார்க்கவேனும் வழி இருந்தது. வேறெங்கும் படியெடுக்கப்படாத ஓலைச் சுவடிகளுக்கு அந்த வழி இல்லை.